ஐஸ் ஏறப் போகிற குழு

தம்பி தமிழாளுதான? போன்ல "சாப்பிட்டேம்மா, வை"ன்னீங்க பாருங்க, அதுலயே கண்டுபிடிச்சிட்டேன். ரெக்காங் பியோவுல பஸ் ஏறினதுல இருந்து தமிழ்ல ஒரு வார்த்தை காதுல விழல. பக்கத்துல இருந்த பெரியவரு என்னமோ சொல்லிக்கிட்டே வந்தாரு, நானும் தலையாட்டிக்கிட்டே வந்தேன். கடைசில பாத்தா என் காலு அவரு மூட்டை மேல இருக்கு, அதத்தான் அம்புட்டு நேரமும் சொல்லியிருக்காரு. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, நான் அங்க வந்துருதேன். வண்டி இப்போதைக்கு நகராது. முன்னால ரோட்டுல பனி சரிஞ்சு கெடக்காம், ஜேசிபி வந்து தள்ளணுமாம். கண்டக்டர் கையால காட்டினான்.

எந்த ஊரு? கம்பமா? நல்லது. மிலிட்டரியா? அதான் இந்தக் குளிர்ல தொப்பிகூட இல்லாம இருக்கீங்க. நமக்குத் தூத்துக்குடி. ஜெயக்கொடின்னு பேரு. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்துல ஐஸ் பிளான்ட்டு வச்சிருக்கேன். கடலுக்குப் போற படகுல பாதிப் படகுக்கு நம்ம ஐஸ்தான் ஏறும்.

இந்தக் குளிர்காலத்துல இந்த ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்கு எதுக்குன்னுதான கேக்கீங்க? ஐஸ் ஏற. ஆமா. சிரிக்காதீங்க. இங்க இந்த மாசத்துல அருவியெல்லாம் அப்படியே உறைஞ்சு சுவரு மாதிரி நிக்கும். கையில கோடாலி, கால்ல முள்ளு வச்ச பூட்ஸு, இடுப்புல கயிறு. கொத்திக் கொத்தி மேல ஏறணும். உலகம் பூரா செய்யுதாங்க. வருஷக்கணக்கா ஐஸை வித்துச் சாப்பிடுத மனுசனுக்கு, ஒரு நாளாவது அது மேல ஏறிப் பாக்கணும்னு தோணாதா? தோணுச்சு. டீம் ஒண்ணு போட்டேன். நான்தான் லீடர்.

டீம் எங்கேன்னு பாக்கீங்க. வரல. அதச் சொன்னாப் பெரிய கதை.

மொதல்ல கைடு. இதுல கைடு முக்கியம் தம்பி. நல்ல கைடு இல்லைன்னா ஆளு உருண்டு வந்துருவான். விசாரிச்சதுல இந்தப் பள்ளத்தாக்குலயே நல்ல கைடு நம்கியால்னு ஒருத்தர்னு தெரிஞ்சுது. யாரு சொன்னான்னா, என் சம்சாரம் சொன்னா. சண்முகக்கனிக்கு ஐஸ் ஏறுததப் பத்தி என்ன தெரியும்னு கேப்பீங்க. அந்த நம்கியாலோட சம்சாரம் எங்க மக. அது இந்த விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது. பேச்சு வந்ததால சொல்லுதேன்.

ஒரே மகதான். படிச்சா, சண்டிகர்ல வேலைன்னா, அனுப்பி வச்சேன். ஆபீஸ்ல எல்லாருமாச் சேந்து மலைக்கு டூர் போனாங்களாம். போன எல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டுத் திரும்பி வந்தாங்க. இவ மட்டும் கைடையே கட்டிக்கிட்டா. எங்கிட்டச் சொன்னா, சொல்லலைன்னு சொல்லமாட்டேன். போன்ல சொன்னா. நானும் போன்லயே சொன்னேன், உன் வாசப்படிய நான் மிதிக்கமாட்டேன், என் வாசப்படிய நீ மிதிக்கக்கூடாதுன்னு. அதுக்கு அவ என்ன சொல்லணும்? அழுதிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். "சரிப்பா"ன்னா. அம்புட்டுதான். ஒரு வார்த்தை எதுத்துப் பேசியிருந்தா நான் என்னன்னு கேட்டிருப்பேன்ல? சரிப்பான்னு சொன்னா அதுக்கு மேல ஒரு மனுசன் என்ன பேசுததுக்கு இருக்கு? இன்னைக்கு வரைக்கும் எனக்கு அது ஆறல தம்பி. நெஞ்சுல முள்ளு மாதிரி நிக்கி.

அதுல இருந்து பேச்சுவார்த்தை இல்ல. சம்சாரம் பேசுவா. ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சதும் உள் ரூமுல உக்காந்து மகளோட பேசுவா, நான் முன் ரூமுல டிவி பாப்பேன். டிவில சத்தம் வைக்கமாட்டேன். சத்தம் வச்சா கரண்டு இழுக்கும்.

சரி, அத விடுங்க. ஐஸுக்கு வருவோம்.

நம்கியாலுக்கு நானே வாட்ஸப்புல எழுதினேன், இங்கிலீஷ்ல. நம்ம இங்கிலீஷ் வியாபாரத்துக்குப் போதும். ஐயா, நாங்கள் மூன்று பேர், உங்கள் பகுதியில் ஐஸ் ஏற விரும்புகிறோம்னு போட்டேன். பேரைப் பாத்ததும் அவருக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா காட்டிக்கிடல. வணக்கம் ஐயா, முன் அனுபவம் உண்டான்னு திருப்பிக் கேட்டாரு. ஐஸில் இருபத்தைந்து வருட அனுபவம்னு போட்டேன். பொய் இல்லையே? அதுக்கும் அவரு சிரிப்புப் பொம்மையெல்லாம் போடல. மிக்க மகிழ்ச்சின்னு போட்டாரு. தொழில்ல இருக்கிறவன் அப்படித்தான் இருக்கணும். அவருகிட்ட எனக்கு அந்த ஒரு குணம் பிடிச்சுது. வேற ஒண்ணும் பிடிக்கல.

பெறகு தங்குறது எங்கேன்னு கேட்டேன். குளிர்காலத்தில் ஓட்டல் எல்லாம் மூடியிருக்கும், வாடிக்கையாளர்கள் கைடு வீட்டில்தான் தங்குவார்கள்னு பதில் வருது. நான் என்ன செய்ய? ஊரு வழக்கம் அது. எல்லா வாடிக்கையாளரும் தங்குறாங்க, நானும் தங்கணும். மக வீட்டு வாசப்படிய மிதிக்கமாட்டேன்னுதான் நான் சொல்லியிருக்கேன். கைடு வீட்டு வாசப்படியப் பத்தி ஒண்ணும் சொல்லலையே. சம்சாரத்துகிட்டச் சொன்னேன். அவ ஒரு மாதிரி என் மூஞ்சியவே பாத்தா, பெறகு, "ஆமாங்க, அது வேற, இது வேற"ன்னா. அவளுக்கே வெளங்கிருச்சு.

அடுத்து சாப்பாடு. மலை ஏறுதவனுக்குச் சாப்பாடு முக்கியம்ல. அங்கே சமையல் யார், அவர் உடல்நிலை எப்படின்னு கேட்டு எழுதினேன். டீம் லீடர்னா இதெல்லாம் கேக்கணும். நம்கியாலும் ஒழுங்கா எழுதினாரு. சமையல்காரருக்கு ஆறாம் மாதம் ஐயா, நலமாக இருக்கிறார், ரத்தம் மட்டும் கொஞ்சம் குறைவு, மாத்திரை சாப்பிடுகிறார்னு. பாத்தீங்களா, இது எனக்குக் கவலையாப் போச்சு. ரத்தம் கம்மியா இருக்கிற ஒருத்தி சமைச்சா டீமுக்கு எப்படித் தெம்பு வரும்? உடனே எழுதினேன், முருங்கைக்கீரை சேர்க்கவும்னு. இங்கே முருங்கை இல்லை ஐயான்னாரு. முருங்கை இல்லாத ஊர்ல எப்படித்தான் மனுசன் குடியிருக்கானோ. சரின்னு கீரையக் காயவச்சுப் பொடியாக்கி ரெண்டு டப்பா பார்சல் போட்டேன். டீம் உபயோகத்திற்குன்னு மேல எழுதித்தான் அனுப்பினேன். பெறகு வாரா வாரம் விசாரிப்பேன். சமையல்காரர் நன்றாகத் தூங்குகிறாராம்பேன். தூங்குகிறார் ஐயா, வலப்பக்கம் படுத்தால் உள்ளே உதை விழுகிறதாம்பாரு. குறித்துக்கொண்டேன்னு போடுவேன்.

எங்க பக்கம் தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதான் தம்பி. ஏழாம் மாசம் வளையல் போட்டுக் கூட்டிட்டு வந்துரணும். அப்பன் போயிக் கூப்பிடணும், அதுதான் முறை. நான் கூப்பிடல. சம்சாரம் கூப்பிட்டுப் பாத்தா. இந்த ரோட்டுல குலுங்கிக் குலுங்கி வரக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாராம். சம்சாரமாவது போகலாம்னா அவளுக்கு வீசிங். நம்ம வீட்டு மாடி ஏறுனாலே மூச்சு வாங்கும், இம்புட்டு உசரத்துக்கு எங்க வர? உக்காந்து அழுதா. நான் எதுக்கு அழுதன்னு கேக்கல. கேட்டா சொல்லிருவா, சொன்னா நான் ஏதாவது செய்யணும். ஐஸ் ஏறுத யோசனை வந்தது அதுக்கு மறுநாள்தான், ஆனா அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதீங்க.

என்ன தம்பி, பைக்குள்ளயே பாக்கீங்க? வளையல்தான். கண்ணாடி வளையல். கம்பளி சாக்ஸுக்குள்ள வச்சா உடையாதுன்னு சம்சாரம் வச்சு விட்டிருக்கா. அதுக்குத்தான் இத்தன ஜோடி சாக்ஸு. அந்த டப்பாவுல மக்ரூன். எங்க ஊரு மக்ரூன் வாயில போட்டா கரைஞ்சிரும், ஒண்ணு எடுத்துக்கிடுங்க. இந்தப் பாட்டில்ல இருக்கிறது பிரசவ லேகியம். அதுவந்து, குளிருக்கும் நல்லது. பொம்பளைதான் சாப்பிடணும்னு சட்டமா இருக்கு? மலை ஏறுதவனும் சாப்பிடலாம்.

டீம் கதைக்கு வாரேன். என் மச்சினன் கோமதிநாயகம் ஒருத்தன், சம்சாரத்தோட தம்பி, உப்பளம் வச்சிருக்கான். இன்னொருத்தர் கஸ்பார், சொந்தப் படகு வச்சிருக்காரு, நம்ம ஐஸ்தான் வாங்குவாரு. ரெண்டு பேரும் நான் கேட்டதுமே சரின்னுட்டாங்க. எதுக்குன்னுகூடக் கேக்கல. கஸ்பாரு மட்டும், "அண்ணாச்சி, பிள்ளையப் பாக்கணும்னா நேரா டிக்கெட்டு எடுத்துப் போகலாம்லா?"ன்னாரு. நான் ஐஸைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கேன், இவரு என்னத்தையோ பேசுதாரு. படகுக்காரங்களுக்குக் கவனம் ஒரு இடத்துல நிக்காது.

பயிற்சி இல்லாம வரக்கூடாதுன்னு நம்கியால் எழுதிட்டாரு. தூத்துக்குடில ஐஸ் சுவருக்கு எங்க போக? நம்ம பிளான்ட்டுலயே கட்டினோம். ஐஸ் பாரா அடுக்கி, ரெண்டு ஆள் உசரத்துக்கு ஒரு சுவரு. அடுக்கினா மட்டும் போதாது, ஒண்ணோட ஒண்ணு ஒட்டணும்ல. தண்ணி ஊத்துனா ஒட்டும்னு பிளான்ட்டுல சொன்னாங்க. நான் யோசிச்சேன். ஐஸ் உறையுறது எதுல? உப்புத் தண்ணித் தொட்டிக்குள்ள டின்னை இறக்கித்தான உறைய வைக்கோம். கஸ்பாரு படகுல மீனு கெடாம இருக்க ஐஸோட எதைப் போடுதாரு? உப்பு. அப்ப உப்புதான ஐஸுக்கு உசுரு? கோமதிநாயகம் அவன் உப்பளத்துல இருந்து நயம் உப்பா மூட்டையில கொண்டுவந்தான். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவுல, செங்கலுக்குச் சிமெண்டு வைக்கிற மாதிரி அள்ளித் தட்டினோம். மூணு பேரும் தொழிலு தெரிஞ்சவங்க. ஒருத்தனுக்கும் சந்தேகம் வரல.

கோமதிநாயகந்தான் மொதல்ல ஏறினான். கஸ்பாரோட படகுக் கயித்த இடுப்புல கட்டி, ஐஸ் உடைக்கிற குத்தூசிய கையில குடுத்து ஏத்திவிட்டோம். நல்லாத்தான் ஏறினான். உச்சில போயி எனக்குக் கைகூடக் காட்டினான். அப்ப நடுவுல இருந்து ஒரு பார் மெதுவா வெளிய வருது பாருங்க, மேஜை டிராயரை இழுத்த மாதிரி. பெறகு அடுத்தது. உமி மூட்டை போட்டு வச்சிருந்தோம், அதனால தலை தப்பிச்சுது. கை முறிஞ்சிருச்சு. "அத்தான், உப்பு போட்டா ஐஸ் கரையும்லா?"ன்னு கீழ கெடந்துக்கிட்டே கேக்கான். ஏறுததுக்கு முன்னால கேட்டிருக்கணும். என்னயக் கேட்டா, உப்பு மேல தப்பு இல்ல. அவன் உடம்பு கனம். உடம்பைக் குறைன்னு நான் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்.

அவன் டீம்ல இருந்து கழண்டுட்டான். நானும் கஸ்பாரும் மிச்சம். ரெண்டு பேருக்கும் டிக்கெட்டு எடுத்தாச்சு, பை கட்டியாச்சு. அப்பத்தான் நம்கியால்கிட்ட இருந்து மெசேஜ் வருது.

அத அப்படியே சொல்லுதேன், எனக்கு மனப்பாடம். ஐயா, இந்த வருடம் குளிர் போதவில்லை. அருவி சரியாக உறையவில்லை, உள்ளே தண்ணீர் ஓடுகிறது. ஏறுவது ஆபத்து. கைடு என்ற முறையில் இதைச் சொல்வது என் கடமை. முன்பதிவை ரத்து செய்துவிட்டேன், மன்னிக்கவும்.

மழை இல்லைன்னா நெல்லு இல்ல, அது தெரியும். இமயமலையில ஐஸ் இல்லைன்னு எவனாவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? அதுவும் ஐஸ் பிளான்ட்டு வச்சிருக்கவன்கிட்ட? கஸ்பாருகிட்டக் காட்டினேன். படிச்சிட்டு, "அப்ப நான் எதுக்கு அண்ணாச்சி, நீங்க மட்டும் போயிட்டு வாங்க"ன்னு டிக்கெட்ட ரத்து பண்ணிட்டாரு. ஐஸே இல்லைங்காரு, நான் மட்டும் எதுக்குப் போகன்னு கேட்டேன். தோள்ல தட்டிட்டுப் போயிட்டாரு.

அன்னைக்கு நான் பிளான்ட்டுக்குப் போகல. முன் ரூமுலயே உக்காந்திருந்தேன். சம்சாரம் கட்டின பையப் பிரிக்கல. அது பாட்டுக்கு கதவு பக்கத்துல இருந்துச்சு. சாயங்காலம் நம்கியாலுக்குப் பதில் எழுத உக்காந்தேன். என்ன எழுதுததுன்னு தெரியல. எழுதல. மறுநாள் ரயிலேறிட்டேன்.

என்ன கேட்டீங்க? ஐஸ் இல்லைன்னா எதுக்குப் போறேனா? நல்ல கேள்வி. ஐஸ் இல்லைங்கிறத நேர்ல பாத்து உறுதி பண்ணணும்ல. அவரு சொல்லுதாருன்னு நம்பிட முடியுமா? நான் அந்தத் தொழில்ல இருக்கிறவன். உறைஞ்சிருக்கா உறையலையான்னு நான் தட்டிப் பாத்தே சொல்லிருவேன்.

தம்பி, நீங்க சின்ன வயசு, ஆனா மிலிட்டரி ஆளு, ஒண்ணு கேக்கேன். இப்ப நான் வாடிக்கையாளர் இல்ல. முன்பதிவ ரத்து பண்ணிட்டாரு, அவரே எழுதிட்டாரு. அப்ப எந்த முறையில நான் அந்த வீட்டுக்குள்ள போக? அப்பன்னு போகலாம்னா, நான் வாயால சொன்ன சொல்லு ஒண்ணு இருக்கு. அவ மறந்திருக்கமாட்டா. எதையும் மறக்காத பிள்ள அது. "நீங்கதான வரமாட்டேன்னீங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டா நான் என்ன தம்பி செய்வேன்? இம்புட்டுத் தூரம் வந்து, அந்த ஒரு வார்த்தைய வாங்கிக்கிட்டுத் திரும்பிப் போறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல. நெசமாச் சொல்லுதேன், ரயில்ல ரெண்டு நாளும் இதே நெனைப்புதான்.

அதனால ஒரு முடிவு பண்ணியிருக்கேன். உள்ள போகமாட்டேன். வீடு ரோட்டு மேலயேதான் இருக்காம், பஸ்ஸு வாசல்லயே நிக்குமாம். வெளிய நின்னு பையக் குடுத்துட்டு, உடம்பு எப்படி இருக்குன்னு நம்கியால்கிட்டக் கேட்டுட்டு, அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன். அவளப் பாக்கணும்னுகூட இல்ல. ஜன்னல் கிட்ட நின்னா பாத்துக்கிடலாம்.

அடுத்த பஸ்ஸு எப்பம்? நாளைக்கா? அப்ப ராத்திரி எங்க தங்க? அது யோசிக்கல. லீடரா இருந்தும் அத யோசிக்கல பாருங்க.

ஆ, நகருது. ஜேசிபி வந்துட்டான் போல. மெதுவாப் போகச் சொல்லுங்க தம்பி அந்த டிரைவர, உங்களுக்குத்தான் இந்தி வருமே. அவசரம் ஒண்ணும் இல்ல. நான் வாரேன்னு யாருக்கும் தெரியாது. சம்சாரம் சொல்லியிருப்பாளா? சொல்லியிருக்கமாட்டா. சொல்லியிருப்பா.

இதா? இந்த வளைவுதானா? அதுக்குள்ளயா? கண்டக்டர் என்னயத்தான் கைகாட்டுதான். கண்ணாடியக் கொஞ்சம் தொடைங்க தம்பி, ஒண்ணும் தெரியல. அந்தா ஒரு வீடு. வெள்ளையடிச்ச வீடு. வாசல்ல நெட்டையா நிக்கிறது நம்கியால். போட்டோவுல பாத்திருக்கேன். பக்கத்துல...

அட, அறிவிருக்கா இவளுக்கு? தலையில ஒரு துணி இல்ல, கால்ல வீட்டுச் செருப்பு. பனி கொட்டுது, வயித்தத் தள்ளிக்கிட்டு வெளிய வந்து நிக்கா. கதவத் திறங்க தம்பி. ஜன்னலயாவது திறங்க. ஏட்டி! ஏட்டி வினோ! உள்ள போ! எவன் உன்னைய வெளிய வரச் சொன்னான்? ஏய்யா நம்கியாலு, நீரு கைடுதான, ஒரு ஆளக் குளிர்ல நிறுத்தக்கூடாதுன்னு தெரியாதா உமக்கு? கூட்டிட்டுப் போம் உள்ள!

போகமாட்டேங்கா தம்பி. கேட்டீங்களா என்ன சொல்லுதான்னு? நீங்க வந்தாத்தான் போவேன்ங்கா. நான் வெளியதான் நிப்பேன்னு சொன்னதுக்கு, அப்ப நானும் இங்கயே நிக்கேன்ங்கா. கையக் கட்டிக்கிட்டு நிக்கா பாருங்க. உதடு நடுங்குது. இளைச்சுப் போயிட்டா. ஏழாம் மாசத்துல எவளாவது இளைப்பாளா?

பிடிவாதம் தம்பி. யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னே தெரியல. சொன்னா கேக்கவேமாட்டா. ரத்தம் வேற கம்மி. இந்தக் குளிர்ல ஒரு நிமிஷம் நின்னாலும் பிள்ளைக்கு ஆகாது. வேற வழி இல்ல. நான் உள்ள போயித்தான் ஆகணும். கையக் குடுங்க, இறங்குதேன்.